லாசாவுக்கு மேலே இருக்கும் அருவிக்கு எட்டுப் பேர் போவதானால்

பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தீபாவளி லீவில் கூட்டாளிகள் எட்டுப் பேர் சேர்ந்து, பக்கத்திலுள்ள லாசாவுக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் ஓர் அருவிக்குப் போகத் திட்டம் போட்டிருக்கிறார்களாம். யாரோ எடுத்த வீடியோவில் ஒன்றரை மணி நேர நடை என்று இருந்ததாம். வழிகாட்டி அவசியமா, காலில் என்ன போடுவது, அட்டைக்கு என்ன செய்வது, ராத்திரி அங்கேயே கூடாரம் போடலாமா என்று நான்கு கேள்வி. நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவர் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

தேதியை மாற்றுங்கள், தம்பி.

தீபாவளி அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதிக்குள் வருகிறது. திதிவங்சா மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில், அதாவது நம் பக்கத்தில், வருடத்திலேயே மழை அதிகம் கொட்டுவது அந்த மாதங்களில்தான். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, வடகிழக்குக் காற்று இன்னும் பிடிக்காத இடைக்காலம் அது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். தரை சூடேறும். மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறும். பகல் ஒரு மணிக்கு உச்சியில் வெள்ளையாக நிற்கும் மேகம் இரண்டரைக்குக் கறுத்துவிடும், மூன்று நான்கு மணிக்கு ஊற்றும். ஏப்ரல், மே மாதங்களிலும் இதே கதைதான், கொஞ்சம் குறைவு. ஜனவரி கடைசியும் பிப்ரவரியும், அப்புறம் ஜூன், ஜூலையும் ஓரளவு வறண்ட காலம். ஈப்போ கல்லுமலையில் தைப்பூசக் காவடி எல்லாம் முடிந்து ஊர் அடங்கிய ஒரு வாரத்தைப் பார்த்துப் போங்கள். அருவியில் தண்ணீர் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், படம் அவ்வளவு எடுப்பாக வராது. பரவாயில்லை.

வானிலை இலாகா சொல்வதற்கு முன்பே இந்த நேரக்கணக்கு எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இருப்பார். பத்து மணிக்குள் கடைசி மரம். அப்புறம் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தூக்கி வந்து, பன்னிரண்டு மணிக்குள் நிறுத்துப் போட்டுவிடுவார். குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக ஓடும் என்பது ஒரு காரணம். மங்கில் பால் நிற்கும்போது மழை பிடித்தால் அன்றைய உழைப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்பது இன்னொன்று. அருவிக்குப் போகிறவர்களும் இந்தத் தோட்டத்து மணியைத்தான் பிடிக்க வேண்டும். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கி, பத்தரைக்கு அருவியில் இருந்து, பதினோரு மணிக்கு அங்கிருந்து திரும்பக் கிளம்பிவிட வேண்டும். பதினோரு மணிக்கு அருவி கண்ணில் படவே இல்லை என்றால், இன்னும் பத்து நிமிடம்தான் என்று யார் சொன்னாலும் சரி, அங்கேயே திரும்புங்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் கூட்டாளி எட்டு மணிக்கு நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு ஆடி அசைந்து ஒன்பதரைக்குக் கிளம்பலாம் என்பான். அவனை விட்டுவிட்டுப் போங்கள்.

சரி, அந்த ஒன்றரை மணி நேரம். நான் அந்த இடத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். வீடியோ எடுத்தவர் அனேகமாகப் போர்வீல் வண்டியில் மரலாரிப் பாதை முடியும் இடம்வரை போய் இறங்கியிருப்பார். வறண்ட நாளாகவும் இருந்திருக்கும். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு நடக்கிறவர்களுக்கு அதே அருவி மூன்று மணி நேரம். எட்டுப் பேர் என்றால் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். எட்டுப் பேரில் ஒருவருக்கு எப்போதும் செருப்பு அறும்.

ஆனால் நேரத்தையும் கிலோமீட்டரையும் கேட்பதைவிட, எத்தனை இடத்தில் ஆற்றில் இறங்கி ஏற வேண்டும் என்று கேளுங்கள். அந்த அருவிக்கு நான் எண்ணியவரை ஏழு. நீங்கள் உள்ளே போன பிறகு பின்னால் சாத்திக்கொள்ளக்கூடிய கதவுகள் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது முழங்கால் அளவுத் தண்ணீர், கூழாங்கல் தெரிகிற தெளிவு, சிரித்துக்கொண்டே கடப்பீர்கள். திரும்பும்போது அதே இடத்தில் அதே ஆறு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தண்ணீரின் தலை என்று அர்த்தம். மேலே மலையில் ஒரு மணி நேரம் பேய்மழை பெய்கிறது. சரிவு செங்குத்து, மேல்மண் ஆழமில்லை, கீழே கருங்கல். அந்த மண் நனைந்து ஊறிய பிறகு மழை அப்படியே வழிந்து ஓடைக்கு வந்துவிடும். சில சமயம் விழுந்த மரமும் குப்பையும் ஓடையை அடைத்து, பின்னால் தண்ணீர் தேங்கி, அது ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடாவில் ஜெராய் மலையிலிருந்து இப்படி இறங்கிய தண்ணீர் யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. பாறையும் முழு முழு மரங்களும் ஊருக்குள் வந்து கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2023 ஜூலை 1ஆம் தேதி கெமாமானில் ஜெராம் ஆயர் பூத்தேயில் குளிக்கப் போன ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பத்துப் பேர் போனார்கள். ஜூலை வறண்ட மாதம் என்று சற்று முன்னால் நான்தான் சொன்னேன். அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

எனக்கு நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மே மாதம். நாங்கள் ஐந்து பேர், கூட அந்தக் காட்டுப் பூர்வகுடியான தெமியார்க்காரர் ஒருவர். வயது ஐம்பது இருக்கும், நாங்கள் 'பாங்' என்று கூப்பிடுவோம். அன்றைக்கு நாங்கள் தாமதம், அருவியை விட்டுக் கிளம்பும்போதே மணி ஒன்று. அவர் இரண்டு தடவை அவசரப்படுத்தினார், நாங்கள்தான் கேட்கவில்லை. நல்ல வெயில். கீழிருந்து நான்காவது கடவுக்கு வந்தோம். அந்த இடத்தில் ஒரு பெரிய பாறையின் இடுப்பில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். காலையில் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. இப்போதும் கிட்டத்தட்ட அங்கேயேதான் இருந்தது, தெளிவாகவும் இருந்தது. என் கூட்டாளி ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டார். பாங் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, 'துங்கு' என்றார். பொறு.

ஏன் என்று கேட்டோம். தண்ணீரில் மிதந்து வந்த இலைகளைக் காட்டினார். எப்போதும் ஓடையில் வருவது பழுப்பிலை, காய்ந்த சருகு. அன்றைக்கு வந்தவை பச்சை இலைகள், கிழிந்தவை, சின்னக் கொத்தோடு. மேலே எங்கேயோ காற்றும் மழையும் அவற்றைப் பிய்த்திருக்கிறது. ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, தண்ணீர் தே தாரே, அதாவது பால் தேநீர், நிறத்துக்கு வந்தது. வெள்ளைக் கோடு மறைந்தது. அப்புறம் பாறையே மறைந்தது. சேற்று வாடை அடித்தது. இன்றைக்கும் எனக்கு மறக்காதது அடியிலிருந்து வந்த சத்தம்தான். தூரத்தில் யாரோ உரலில் இடிப்பது போல டொக், டொக் என்று, தண்ணீருக்குள் கல்லோடு கல் மோதி உருண்டு போகிற சத்தம். சட்டையைப் பிடித்து இழுக்கப்பட்ட கூட்டாளி அரை மணி நேரம் எதுவும் பேசவில்லை.

பாங் கரையோரமாக மூன்று குச்சிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நட்டார். முதல் குச்சி மூழ்கியது, இரண்டாவது மூழ்கியது, மூன்றாவது நின்றது. அதற்கு மேல் உட்கார்ந்துகொண்டு நாங்கள் வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்றோம். இரண்டாவது குச்சி மறுபடி தெரிய ஒன்றரை மணி நேரம், முதல் குச்சி தெரிய இன்னும் ஒன்றரை. கடந்தபோது மணி ஐந்தே முக்கால். சூரியன் மறைய ஏழு மணி ஆகும் என்பதெல்லாம் திடல் வெளிக்குத்தான். பெரிய மரங்களுக்கு அடியில் ஆறே காலுக்கு இருட்டு. தோட்டத்து ஓரம் வந்து சேர்ந்தபோது எட்டரை. ஐந்து பேருக்கு இரண்டு டார்ச் லைட், அதில் ஒன்று போன்.

ஆகவே, கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்: பச்சை இலை, நிறம் மாறுவது, சேற்று வாடை, சத்தம் கனப்பது. சில சமயம் தண்ணீர் திடீரென்று குறையும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், மேலே எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கலாம். இதில் ஒன்று தெரிந்தாலும் கரையேறுங்கள், பையை எடுக்கத் திரும்பாதீர்கள். ஆற்றோடு ஓடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். அப்புறம் உட்காருங்கள். இந்த ஆறுகள் ஏறுவது போலவே இறங்கவும் செய்யும். மூன்று மணி நேரம் பொறுக்க முடியாமல் இறங்கியவர்கள்தான் பல நேரம் செய்தியில் வருகிறார்கள்.

சாதாரண நாளில் கடப்பதற்கும் முறை இருக்கிறது. ஆறு குறுகும் இடம் தாண்டுவதற்குச் சுலபமாகத் தெரியும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும். அகலமாகப் பரந்து சலசலக்கும் இடத்தைத் தேடுங்கள். கீழே பத்து இருபது அடியில் விழுந்த மரமோ பாறை இடுக்கோ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேறு இடம். பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களைக் கவிழ்த்து அமுக்கக் கூடாது. கையில் ஒரு கம்பு, முகம் தண்ணீர் வரும் திசைக்கு, ஒரு கால் ஊன்றிய பிறகு மறு கால். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் இறங்கவே வேண்டாம். விழுந்துவிட்டால் எழுந்து நிற்கத்தான் மனம் சொல்லும், நிற்காதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் முடிந்தது. மல்லாந்து, காலைக் கீழ்த்திசைக்கு நீட்டி, ஆழம் குறையும் இடம்வரை மிதந்து போய்க் கரையைப் பிடியுங்கள்.

இனி நீங்கள் கேட்டவை.

வழிகாட்டி அவசியமா? அவசியம். அது நிரந்தர ஒதுக்கீட்டுக் காடு. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ள வன அலுவலகத்தில் கேளுங்கள். எந்தத் தடம் திறந்திருக்கிறது, எதை மூடியிருக்கிறார்கள் என்பதும் அங்கேதான் சரியாகத் தெரியும். வன இலாகா அங்கீகரித்த மலை வழிகாட்டிகளை 'மாலிம் குனோங்' என்பார்கள். அவர்கள் பட்டியலையும் கேட்டு வாங்கலாம்.

தாள் விஷயத்தைத் தாண்டி இன்னொன்று. அந்தக் காட்டில் தெமியார் மக்கள் வாழ்கிறார்கள். பிளுஸ் ஆற்றின் மேல்பகுதி அவர்கள் ஊர், அவர்கள் பழத்தோப்பு, அவர்கள் புதைகுழி. டுரியான் காலத்தில் மரத்தடியில் விழுந்து கிடப்பது சும்மா கிடப்பது என்று நினைத்துப் பொறுக்காதீர்கள், அந்த மரத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். தெமியார் மொழி மலாய் இல்லை, தனி மொழி. ஆனால் மலாயில் பேசினால் பேசுவார்கள். நம் தோட்டத்துப் பெரியவர்கள் அவர்களைச் 'சக்காய்' என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். அது அவர்களுக்கு அவமானமான சொல், நம்மை 'கிளிங்' என்று கூப்பிட்டால் நமக்கு எப்படியோ அப்படி. அந்தச் சொல்லைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். வழி காட்ட வருகிறவருக்குப் பேரம் பேசாமல் காசு கொடுங்கள். எட்டுப் பேர் பிரித்தால் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் வரும். அவர் திரும்பலாம் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

போன் வழி காட்டும் என்று நம்பவேண்டாம். கடைசித் தோட்டத்தைத் தாண்டினால் சிக்னல் இல்லை, அடர்ந்த மரத்துக்கு அடியில் வரைபடத்துப் புள்ளியும் தள்ளித் தள்ளிப் போகும். பழைய மரலாரிப் பாதைகள் விரல் விரித்தது போல் பிரியும். எல்லாமே அசல் பாதை மாதிரியே இருக்கும், அரை மணி நேரம் கழித்துப் பிரம்புப் புதரில் முடியும். பிரிவு வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, திரும்பிப் பார்த்து, வந்த வழி எப்படித் தெரிகிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். காடு போகும்போது ஒரு முகம் காட்டும், வரும்போது வேறு முகம்.

எங்கள் ஊரில் வயதானவர்கள் இந்தக் காட்டுக்குள் போவதையே விரும்பமாட்டார்கள். பேய், முனி என்று காரணம் சொல்வார்கள். உண்மையில் அதற்குப் பின்னால் வேறு ஒன்றும் இருக்கிறது என்பது என் எண்ணம். 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான், எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிந்தது 1960இல். பன்னிரண்டு வருடம் காட்டோரத்துக்குப் போனாலே, கையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக இருந்தாலே, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குக் கொடுக்கவோ என்று சந்தேகம். அந்தப் பயம் இரண்டு தலைமுறைக்கு உடம்பில் தங்கிவிட்டது. எங்கள் பாட்டி கடைசிவரை காட்டுப் பக்கம் கையை நீட்டிக் காட்டக்கூட மாட்டார். கடைசிச் செம்பனை வரிசைக்கு அப்பால் ஒரு முனியாண்டிச் சூலம் நிற்கிறதே, அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனால் வீட்டில் கொஞ்சம் நிம்மதியாக இருப்பார்கள். ஏற்றிவிட்டுப் போங்கள். சுருட்டும் வைப்பார்கள், அது ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

காலுக்கு: முந்நூறு நானூறு ரிங்கிட் மலையேற்ற பூட்ஸ் வேண்டாம். ஏழு தடவை ஆற்றில் இறங்கி ஏறும்போது அது தண்ணீரைக் குடித்து இரண்டு கிலோ கனத்துக்கொண்டு கூட வரும். தோட்டத்துச் சில்லறைக் கடையில் தொங்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து தெரியுமில்லையா, பால்வெட்டுக்காரர் போடுவது, 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியாகச் சொல்வது, அதுதான். ஒரே வார்ப்பு ரப்பர், தையல் இல்லை, அடியில் முளை முளையாகப் பல், தண்ணீர் உள்ளே வந்தால் நடக்க நடக்க வெளியே போய்விடும். பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. காட்டு வழிகாட்டிகள் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் போடுகிறார்கள். ஒரு அளவு பெரியதாக வாங்கி, உள்ளே தடித்த நீளக் காலுறை போடுங்கள், இல்லாவிட்டால் குதிகால் உரிந்துவிடும். பாறையில் இதையும் நம்பாதீர்கள். உலர்ந்த சாம்பல் நிறக் கருங்கல் காலைப் பிடிக்கும், கறுப்பாக மினுங்கும் ஈரப்பாறை எந்தச் சப்பாத்தையும் பிடிக்காது.

அட்டை: அந்தச் சுருட்டு இதற்குத்தான். புகையிலையை ராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் காலுறையின் மேல் பிழிந்துவிட்டுக்கொள்ளுங்கள். ஆற்றில் இறங்கியதும் கழுவிப் போகும், அதனால் சின்னப் போத்தலில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். காற்சட்டை முனையைக் காலுறைக்குள் சொருகுங்கள். தரையில் இருக்கும் பழுப்பு அட்டை கடிப்பது தெரியவே தெரியாது. இலை நுனியில் நிற்கும் வரி போட்ட அட்டை, புலி அட்டை என்பார்கள், அது இடுப்புக்கு மேல் ஏறும், கடித்தால் சுருக்கென்று இருக்கும். பிடித்துவிட்டால் உப்பும் நெருப்பும் வைக்காதீர்கள். வலியில் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெலிந்த முனைதான் வாய், அதன் பக்கத்தில் நகத்தை வைத்துத் தோலோடு வழித்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சத்தை விட்டுவிட்டுப் போவதால் ஒரு மணி நேரம் கசியும். பார்க்கத்தான் பயங்கரம்.

கூடாரம் இந்தத் தடவை வேண்டாம். முதல் தடவை போகிறவர்கள் பகலில் போய்ப் பகலில் வாருங்கள். பின்னொரு நாள் தங்குவதானாலும் ஆற்றோர மணல்திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் படுக்காதீர்கள். அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான். பக்கத்து மரங்களில் இடுப்பு உயரத்தில் சருகும் குப்பையும் சிக்கியிருக்கும், பாருங்கள், கடைசியாக வந்த தண்ணீரின் உயரம் அது.

யானை இருக்கிறது. சாணம் பச்சையாக, ஆவி பறக்கக் கிடந்தால் பேசாமல் வந்த வழியே திரும்புங்கள், படம் எடுக்கத் தேடிப் போக வேண்டாம்.

அருவியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நீங்களே பாருங்கள். வழவழ கருங்கல் சரிவில் இரண்டு அடுக்காக விழும், கீழே பச்சைத் தேக்கம். அந்தத் தேக்கத்தில் விழும் தண்ணீருக்கு நேர் அடியில் நீந்தாதீர்கள். நுரைத் தண்ணீரில் பாதி காற்று, அது உடம்பைத் தாங்காது, கீழே சுழலும் இருக்கும். மேலிருந்து குதிப்பது என்ற பேச்சே வேண்டாம். தேக்கத்தின் வால்பகுதியில், ஆழம் குறையும் இடத்தில் படுத்துக்கொண்டால் போதும், சின்னச் சின்ன மீன்கள் வந்து காலைக் கொத்தும்.

ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், எலி சிறுநீரால் வரும் காய்ச்சல் இருக்கிறது. 2010இல் பகாங் லூபோக் யூவில் மூழ்கிய ஒருவரைத் தேடிப் போனவர்களிலேயே பலர் அந்தக் காய்ச்சலிலும் மண்ணிலிருந்து வரும் இன்னொரு கிருமியிலும் விழுந்து, சிலர் இறந்தார்கள். காலில் ஆறாத புண் இருப்பவர், சர்க்கரை வியாதிக்காரர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் மலேரியாவும் நம் காடுகளில் உண்டு. திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் முதல் வார்த்தையாகக் காட்டுக்குப் போனேன் என்று சொல்லுங்கள். சொல்லாமல் பனடோல் வாங்கிக்கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும், ஒரு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்த்தார்கள்.

நான் இந்த அருவியின் பெயரைப் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்பு ஒரு தடவை வேறு ஓர் இடத்தின் பெயரையும் வழியையும் விவரமாக எழுதினேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது தேக்கத்தின் ஓரத்தில் மீகோரேங் பொட்டலமும், கரி அடுப்பும், பாறையில் வெள்ளைச் சாயத்தில் இரண்டு பேர் காதலும் இருந்தன. வழிகாட்டியிடம் கேட்டால் அவரே பெயர் சொல்வார்.

கடைசியாக, ஒரு தாளில் எட்டுப் பேர் பெயர், போன் நம்பர், மோட்டார் நம்பர், எங்கே நிறுத்தப் போகிறீர்கள், வழிகாட்டி யார் என்று எழுதுங்கள். மாலை ஆறு மணிக்குள் என்னிடமிருந்து போன் வராவிட்டால் வழிகாட்டியின் ஊருக்கு ஆள் விட்டு விசாரி, எட்டு மணிக்கும் தகவல் இல்லாவிட்டால் 999 கூப்பிடு என்றும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மாவிடம் கொடுக்காதீர்கள், அவர் இரண்டு மணிக்கே பொம்பாவை, அதாவது தீயணைப்புப் படையை, கூப்பிட்டுவிடுவார். அண்ணனிடம் கொடுங்கள்.